பாசன் சார்: வெளியேற முடியாதவர்களுக்கு ஒரு வண்டல் தீவு

அறை 12 அடிக்கு 14 அடி. அதில் ஒரு குடும்பம். குடும்பத்துக்கு நான்கு பேர் என்று கணக்கு. இப்படி 16 அறைகள் சேர்ந்தால் ஒரு நீள வீடு. 12 வீடுகள் சேர்ந்தால் ஒரு தொகுப்பு. தொகுப்புக்கு ஒரு குளம், நான்கு மாடிப் புயல் காப்பகம் ஒன்று, பொதுச் சமையற்கூடம், பொதுக் கழிப்பறை. தரையிலிருந்து நான்கு அடி உயர்த்திய கான்கிரீட் அடித்தளம், சிமெண்ட் கல் சுவர், சிவப்புத் தகரக் கூரை. இத்தகைய 120 தொகுப்புகளை, அதாவது 1,440 வீடுகளை, வங்கதேசக் கடற்படை வங்காள விரிகுடாவின் வடமூலையில் உள்ள பாசன் சார் என்ற தீவில் கட்டி முடித்தது. மியான்மரிலிருந்து ஓடிவந்த ரோஹிங்கியா அகதிகளில் 1 லட்சம் பேரை அங்கே குடியேற்றுவது திட்டம்.

தலைக்கு ஏறக்குறைய 3.9 சதுர மீட்டர் இடம். வெப்ப நாடுகளில் அகதிகளுக்குக் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்று சர்வதேச அளவில் வைத்திருக்கும் 3.5 சதுர மீட்டரைவிடச் சற்றுக் கூடுதல். பெருநிலத்தில் அகதி முகாம்கள் இருக்கும் காக்ஸ் பஜார் மலைச்சரிவில் மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய குடிசையோடு ஒப்பிட்டால் இது உறுதியான வீடு. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். கட்டுமானத்தில் அக்கறை இல்லை என்று வங்கதேசத்தின் மீது குற்றம் சாட்ட முடியாது. இந்தத் திட்டத்தின் கோளாறு வீட்டில் இல்லை. அந்த வீடு எந்த மண்ணில் நிற்கிறது, அந்த மண்ணில் எப்படிப்பட்டவர்களால் வாழ முடியும் என்பதில்தான் இருக்கிறது.

மண்ணின் வயது

பாசன் சார் கடலுக்கு மேல் தலைகாட்டியது 2006ஆம் ஆண்டு வாக்கில். கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அதில் ஒரு பங்கு கழிமுகத்தில் படிந்து திட்டாகிறது. திட்டில் புல் முளைக்கிறது. வனத்துறை அலையாத்தி மரக்கன்றுகளை நடுகிறது. எருமை மேய்ப்பவர்களும் மீனவர்களும் பருவத்துக்குப் பருவம் வந்து தங்குகிறார்கள். நிர்வாக வரைபடத்தில் இந்தத் தீவு நவகாளி மாவட்டத்தின் ஹாதியா வட்டத்தில் சேர்கிறது. காந்தி 1946-47இல் கிராமம் கிராமமாக நடந்த அதே நவகாளிதான். அவர் நடந்தபோது இந்த நிலம் கிடையாது. பரப்பு சுமார் 13,000 ஏக்கர். கிழக்கே சந்த்வீப் தீவு சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பெருநிலத்துக்குப் படகில் பல மணி நேரம் ஆகும், அதுவும் கடல் அனுமதித்தால்.

மேக்னா முகத்தில் இப்படிப்பட்ட திட்டுகள் ஏராளம். ஆறு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்ளும். ஹாதியாவும் சந்த்வீப்பும் போலாவும் ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் கரைந்துகொண்டே இருக்கின்றன. அந்த மக்களுக்கு இது தெரியும். அவர்களுடைய தகர வீடு கழற்றி மாட்டக்கூடியது. கரை இடியத் தொடங்கினால் தகரத்தையும் மூங்கிலையும் படகில் ஏற்றிக்கொண்டு அடுத்த திட்டுக்கோ உறவினர் ஊருக்கோ போய்விடுவார்கள். சிலர் வாழ்நாளில் பலமுறை வீடு மாற்றியவர்கள். அந்த நிலத்தில் குடியிருப்பதற்கான முதல் தகுதி, வேண்டும்போது அதை விட்டுப் போக முடிவது. படகு, தெரிந்த கரை, கைமாற்று தரும் மனிதர், ஓட்டுரிமை, எங்கும் போய்க் கூலி வேலை தேடும் உரிமை எல்லாம் அதில் அடக்கம்.

ரோஹிங்கியாவிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பாசன் சாரைப் பற்றிய என் வாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

ஏன் அங்கே அனுப்பினார்கள்

மியான்மரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியாக்களை நாடற்றவர்களாக்கியது. 1978இலும் 1991-92இலும் லட்சக்கணக்கில் வங்கதேசத்துக்கு ஓடிவந்தார்கள். பெரும்பகுதியினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு ராக்கைன் மாநிலத்தில் மியான்மர் ராணுவம் நடத்திய வெறியாட்டத்தில் சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லையில் ஓடும் நாஃப் ஆற்றைக் கடந்தார்கள். ஏற்கெனவே இருந்தவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 10 லட்சம் பேர். காக்ஸ் பஜாரின் உக்கியா, தெக்நாஃப் பகுதிகளின் காடும் குன்றும் மொட்டையாகி முகாம்களாயின. மழைக்காலத்தில் சரிவு இடிகிறது. 2021 மார்ச்சில் ஒரே தீவிபத்தில் சுமார் 45,000 பேர் குடிசை இழந்தார்கள். உள்ளூர்க் கூலி விழுந்துவிட்டது. கடத்தல் கும்பல்களும் ஆயுதக் குழுக்களும் முகாமுக்குள் புகுந்துவிட்டன. அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத, தன் மக்களுக்கே நிலம் போதாத ஒரு நாடு, பணக்கார நாடுகள் எல்லைகளை இழுத்துச் சாத்திய ஆண்டுகளில் இவ்வளவு பேரை உள்ளே விட்டது. அந்தப் பெருந்தன்மையைக் குறைத்துப் பேச யாருக்கும் அருகதை இல்லை.

தீவு யோசனை 2017க்கு முன்பே, 2015இல் எழுந்தது. 2017 நவம்பரில் ஆஷ்ரயன்-3 என்ற பெயரில் 2,312 கோடி டாக்கா (வங்கதேச நாணயம்) திட்டமாக அதற்கு ஒப்புதல் கிடைத்தது. பின்னர் தொகை 3,095 கோடியாக உயர்ந்தது. கரை வடிவமைப்புக்குப் பிரிட்டனின் எச்.ஆர். வாலிங்ஃபோர்ட் நிறுவனம் ஆலோசனை சொன்னது. சீனாவின் சினோஹைட்ரோ கட்டுமானத்தில் ஈடுபட்டது.

முதலில் அங்கே தங்கவைக்கப்பட்டவர்கள் தாமாகப் போனவர்கள் அல்லர். 2020 மே மாதம், மலேசியா போகும் வழியில் வாரக்கணக்கில் கடலில் தத்தளித்த படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 306 பேரை, கொரோனாத் தனிமைப்படுத்தல் என்று சொல்லித் தீவில் இறக்கினார்கள். தனிமைப்படுத்தும் காலம் முடிந்தது. அவர்களை முகாமுக்குத் திருப்பி அனுப்பவில்லை. காக்ஸ் பஜாரில் அவர்களுடைய பெற்றோரும் கணவன்மாரும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். இவர்களைக் கரைக்குக் கொண்டுபோக ஒரு கப்பல் போதும். அந்தக் கப்பல் கிளம்பவில்லை. 2020 டிசம்பர் 4 அன்று சிட்டகாங்கிலிருந்து கடற்படைக் கப்பல்கள் 1,642 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. அவர்கள் விரும்பிப் போகிறார்கள் என்றது அரசு. விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். பட்டியலில் தங்கள் பெயர் எப்படி வந்தது என்றே தெரியாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஐ.நா. தனக்கு இந்த ஏற்பாட்டில் பங்கில்லை என்று அறிவித்தது. தீவு குடியிருக்கத் தக்கதா என்று தன் வல்லுநர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பது அதன் நெடுநாள் கோரிக்கை. ஐ.நா. குழு முதன்முதலாகத் தீவில் கால்வைத்தது 2021 மார்ச்சில். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் குடியேற்றப்பட்டுவிட்டார்கள். சோதனை முதலில், குடியேற்றம் பிறகு என்ற சாதாரண வரிசைகூடக் காக்கப்படவில்லை.

கரை எவ்வளவு காலம் காக்கும்

தீவின் 13,000 ஏக்கரில் சுமார் 1,700 ஏக்கரைச் சுற்றி ஒரு மண்கரை எழுப்பியிருக்கிறார்கள். நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர், உயரம் முதலில் 9 அடி. அதை 19 அடிக்கு உயர்த்துவது அடுத்த கட்டம். கடலோரம் அலையை உடைக்கத் தூண் வரிசையும் மணல் மூட்டைகளும் உண்டு.

1991 ஏப்ரல் புயலில் சிட்டகாங் கரையை அறைந்த கடல் எழுச்சி சுமார் 20 அடி. இறந்தவர்கள் ஏறத்தாழ 1,38,000 பேர். 1970 நவம்பரில் போலாவைச் சூறையாடிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். இந்த எண்களைக் கரையின் உயரத்தோடு அப்படியே கழித்துப் பார்ப்பது சரியல்ல. கரை தரையிலிருந்து அளக்கப்படுகிறது, கடல் எழுச்சி கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. ஓதத்தின், அதாவது கடல் ஏறி வற்றுவதன், நேரமும் கணக்கில் சேரும். சந்த்வீப் கால்வாயில் ஓதம் உயர்வதற்கும் வற்றுவதற்கும் இடையே 5 மீட்டர் வித்தியாசம் வரும். ஏற்றநேரத்தில் புயல் வந்தால் ஒரு கதை, வற்றுநேரத்தில் வந்தால் வேறு கதை. ஆனாலும் 9 அடிக் கரை 1991ஐத் தாங்காது என்பது திட்டமிட்டவர்களுக்கே தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் 19 அடி என்ற பேச்சே வந்திருக்காது.

ஒரு பெரும்புயல் வந்தால் தீவில் கூட்டங்கூட்டமாகச் சாவார்கள் என்று எழுதுகிறவர்களோடும் நான் உடன்படவில்லை. மாடிக் காப்பகங்கள் உறுதியானவை. ஒவ்வொன்றிலும் 1,000 பேர் தங்கலாம். 1972இல் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தின் தொண்டர் படை வங்கதேசத்தின் பெருமை. கையொலிபெருக்கியும் கொடியுமாக ஊர் ஊராக எச்சரித்து அவர்கள் சாவுகளைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். 2007இல் சிதர் புயலில் இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். 1970ஐ நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய மாற்றம்! ஆபத்து புயல் ஓய்ந்த மறுநாள் தொடங்குகிறது. குளத்தில் உப்புநீர் ஏறியிருக்கும். கரை உடைந்த இடம் வழியாக ஓதம் நாளுக்கு இருமுறை உள்ளே வரும். படகுத்துறை போயிருக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை கொந்தளிக்கும் கடலில் அரிசியும் மருந்தும் எத்தனை நாளில் வந்து சேரும்? மற்ற தீவுக்காரர்கள் அப்படிப்பட்ட நேரத்தில் சில மாதங்கள் பெருநிலத்தில் உறவினர் வீட்டில் ஒதுங்குவார்கள்.

உரீர் சாரை இங்கே நினைவுகூர வேண்டும். சந்த்வீப்புக்கு அருகே புதிதாக எழுந்த திட்டு அது. நிலமற்ற ஏழைகள் அங்கே குடியேறியிருந்தார்கள். 1985 மே மாதப் புயல் அதை வாரிக்கொண்டு போனது. இந்தக் கழிமுகத் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அங்கே கரையும் இல்லை, காப்பகமும் இல்லை. பாசன் சாரில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே அதே கதை திரும்பும் என்று சொல்லவில்லை. நிலமற்றவர்களைப் புத்தம்புதிய சேற்றுக்கு அனுப்பும் பழக்கம் பழையது என்பதை மட்டும் சொல்கிறேன்.

புயலைவிட மெதுவான ஓர் ஆபத்து பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார்கள். 1960களில் வங்கதேசத்தின் தென்மேற்குக் கழிமுகத்தில் தீவு தீவாக மண்கரை கட்டினார்கள். உப்புநீர் நின்றது, நெல் விளைந்தது, மக்கள் மகிழ்ந்தார்கள். கரை தடுத்தது உப்புநீரை மட்டும் அல்ல. ஓதத்தோடு வந்து படியும் வண்டலும் வெளியிலேயே நின்றுவிட்டது. உள்ளே மண் இறுகித் தாழ்ந்தது. வெளியே நிலம் உயர்ந்துகொண்டே போனது. 2009 மே மாதம் ஐலா புயல் கரையை உடைத்தபோது 32ஆம் எண் கரைவளையத்தின் நிலம் பக்கத்துச் சுந்தரவனக் காட்டைவிட 1 முதல் 1.5 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடல் உள்ளே புகுந்து, கரையைச் சரிசெய்யும்வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓதம் வந்து போனது. அந்த இரண்டு ஆண்டுகளில்தான், ஐம்பது ஆண்டுகளாகக் கிடைக்காத வண்டல் மீண்டும் அங்கே படிந்தது.

பாசன் சார் வளையமும் அதே விதிக்குக் கட்டுப்பட்டது. இன்னும் இறுகி முடியாத இளம் வண்டல் மேல் வீடுகள், மாடிக் காப்பகங்கள், சாலைகள். கரைக்குள் இனி வண்டல் வராது. கடல்மட்டம் உயர்கிறது. உள்ளே கொட்டும் பருவமழை மதகு வழியே, கடல் வற்றும் நேரத்தில்தான் வடிய வேண்டும். வெளிமண் உயர உயர அது கடினமாகும். இருபது, முப்பது ஆண்டுகளில் இந்த வளையம் நடுவில் குழிந்த தட்டு போல ஆகும். அதற்குள் நீர் இறைக்கவும் கரையைத் திரும்பத் திரும்ப உயர்த்தவும் யார் பணம் தருவார்கள் என்பதுதான் இந்தத் திட்டம் நீடிக்குமா என்ற கேள்வியின் சாரம். கட்டுவதற்கு ஒருமுறை பணம் கிடைத்துவிடும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் கை நீட்ட வேண்டும்.

வயிறும் கடலும்

1 லட்சம் பேருக்குக் கட்டிய இடத்தில் இப்போது இருப்பவர்கள் 35,000 பேரைச் சுற்றி. 3,095 கோடி டாக்காவை 1 லட்சத்தால் வகுத்தால் தலைக்குச் சுமார் 3.1 லட்சம். உண்மையில் இருப்பவர்களால் வகுத்தால் 8.8 லட்சத்தைத் தொடுகிறது. இடம் காலியாக இருந்தும் முகாமின் நெரிசல் குறையவில்லை. காக்ஸ் பஜாரில் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையே தீவுக்குப் போனவர்களின் எண்ணிக்கைக்கு வெகு அருகில் வருகிறது.

முகாமில் ரோஹிங்கியா சட்டப்படி வேலை செய்ய முடியாது. ஆனால் முகாமைச் சுற்றி ஊர் இருக்கிறது, சந்தை இருக்கிறது. உப்பளத்திலும் மீன் காயவைக்கும் இடத்திலும் நாள் கூலி கிடைக்கும்; பிடிபட்டால் சிக்கல், கிடைத்தால் பிள்ளைக்கு மீன். தீவில் சுற்றுப்புறம் கடல்தான். தையல், கோழி வளர்ப்பு, காய்கறித் தோட்டம், வலை பின்னுதல் எல்லாம் கற்றுத் தருகிறார்கள்; நல்ல முயற்சிகள்தாம். ஆனால் தைத்த சட்டையை வாங்குவதற்கு அங்கே இருப்பவர்கள் இன்னொரு அகதியும் ஒரு தொண்டு நிறுவன ஊழியரும் மட்டுமே. 2021 மே இறுதியில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உயர் அதிகாரிகள் தீவுக்கு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு கூச்சலிட்டார்கள், கண்ணாடிகளை உடைத்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதலிடம் கையில் கொஞ்சம் காசு, வேலை. பசி என்று அவர்கள் கத்தவில்லை. உணவு வந்துகொண்டுதான் இருந்தது. உணவை மட்டும் தின்று வாழ்நாளைக் கழிக்க முடியாது என்றுதான் சொன்னார்கள்.

அந்த உணவும் நன்கொடையை நம்பியது. உலக உணவுத் திட்டம் 2023இல் அகதிகளுக்கான மாத உதவியைத் தலைக்கு 12 டாலரிலிருந்து 10க்கும், பிறகு 8க்கும் குறைத்தது. அடுத்த ஆண்டு மீண்டும் உயர்ந்தது. 2025இல் அமெரிக்க உதவி வெட்டப்பட்டபோது 6 டாலராகப் போகும் என்று அறிவித்து, கடைசி நேரத்தில் முகாமுக்கு 12, தீவுக்கு 13 என்று நிலைநிறுத்தினார்கள். முகாமில் ரேஷன் பாதியானால் மக்கள் ஊருக்குள் போய் எதையாவது செய்து பிழைப்பார்கள். தீவில் ரேஷன் பாதியானால் வேறு வழி கிடையாது. எல்லாவற்றையும் கப்பலில் கொண்டுவர வேண்டிய இடத்தில், நன்கொடை தளரும் காலத்தில், முதலில் அடிபடப் போகிறவர்கள் தீவுக்காரர்கள்தாம்.

அதனால்தான் அவர்கள் தப்பிக்கிறார்கள். மீன்பிடிப் படகுக்காரருக்குப் பணம் கொடுத்து இரவில் ஏறுகிறார்கள். 2021 ஆகஸ்டில் சுமார் 40 பேரோடு அப்படிப் போன படகு ஒன்று கவிழ்ந்தது. குழந்தைகள் உட்படப் பலரின் உடல்கள் பிறகு கரை ஒதுங்கின. நல்ல வீட்டையும் கட்டிலையும் விட்டு, மழைக்கு ஒழுகும் முகாம் குடிசைக்குத் திரும்ப உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்றால் அவர்களுக்குத் தேவை என்ன என்று புரிந்துகொள்ள வேறு ஆய்வு வேண்டியதில்லை. தாய் அங்கே, மகன் இங்கே. சொந்தக்காரர் ஒருவரின் மரணத்துக்குப் போக முடியாத வாழ்க்கை அது. 2021 அக்டோபரில் ஐ.நா. வங்கதேசத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, உறவினரைப் பார்த்துவர அனுமதிப் பயணங்கள் தொடங்கின. நல்ல திருப்பம்தான். ஆனால் அது அதிகாரி மனம் வைத்தால் கிடைப்பது. அகதி தன் உரிமையாகக் கேட்டு வாங்குவது அல்ல.

ரோஹிங்கியாவின் கடல் நம்முடைய கரையையும் தொடுகிறது. 2024 டிசம்பரில் 100க்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களோடு ஒரு படகு முல்லைத்தீவு முள்ளிவாய்க்கால் கடற்பரப்பில் தத்தளித்து வந்தது. முதலில் உணவும் நீரும் கொடுத்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். 2009இல் அந்தக் கரையில் என்ன நடந்தது என்று அறிந்த யாருக்கும் அந்தச் செய்தியைச் சும்மா கடந்துபோக முடியாது. தமிழ்நாட்டிலும் 1983 முதல் இலங்கைத் தமிழருக்காகத் திறந்த தற்காலிக முகாம்களில் மூன்றாம் தலைமுறை வளர்கிறது. தற்காலிகம் என்று பெயர் வைத்துவிட்டால் குடியுரிமை பற்றியும் வேலை பற்றியும் யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை என்ற வசதியை எல்லா அரசுகளும் பயன்படுத்துகின்றன. பாசன் சாரில் நடப்பதும் அதுவே. சொந்த ஊர் திரும்பும்வரைதான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். கட்டியிருப்பதோ பல பத்தாண்டுகளுக்கான கான்கிரீட். 2018 நவம்பரிலும் 2019 ஆகஸ்டிலும் திருப்பி அனுப்ப நாள் குறித்தபோது ஒருவரும் பஸ் ஏறவில்லை. மியான்மரில் 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு ராக்கைனில் போர். 2024 டிசம்பரில் எல்லையோர மாங்டாவ் நகரமும் ராணுவத்தோடு போரிடும் அரக்கான் படையின் கைக்குப் போய்விட்டது. யாரோடு பேசி யாரைத் திருப்பி அனுப்புவது என்ற கேள்விக்கே விடை மங்கிவிட்டது.

இனி செய்யக்கூடியது

கட்டியதை இடிக்கச் சொல்வது அர்த்தமில்லாதது. அங்கே தங்க விரும்பும் குடும்பங்கள் இருக்கின்றன. முகாமின் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அந்த அறை நிம்மதி தருகிறது. அவர்களுடைய விருப்பத்தை மதிக்க வேண்டும். விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் போகும் வழியும் இருக்க வேண்டும். திரும்ப விரும்பும் குடும்பம் விண்ணப்பித்தால் குறித்த நாளுக்குள் கப்பலில் ஏற்றிவிடும் விதி ஒன்றை வங்கதேச அரசு எழுத்தில் வைக்க வேண்டும். மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் முகாமுக்கும் தீவுக்கும் இடையே வாராந்தரக் கப்பல் ஓட வேண்டும். தீவைச் சுற்றியுள்ள கடலில் மீன்பிடிக்கவும், ஹாதியா, சந்த்வீப் சந்தைகளில் விற்கவும் உரிமம் கொடுத்தால் அங்கே பொருளாதாரம் என்று ஒன்று உருவாகும். இல்லாவிட்டால் ரேஷன் வரிசை மட்டும்தான்.

மண்ணைப் பொறுத்தவரை, கரைக்குள்ளும் வெளியேயும் தரைமட்டத்தை ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும். ஐ.நா. கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு கரைப் பராமரிப்புக்கென்று தனியாக ஒதுக்கப்பட வேண்டும். கடற்படை கட்டியதைக் கடற்படையே சோதிப்பது போதாது. தலைநகர் டாக்காவில் பொறியியல் பல்கலைக்கழகமும் கழிமுக ஆய்வில் உலகமே மதிக்கும் வல்லுநர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுக்கலாம். உள்நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது என்று அந்த அளவைகள் காட்டினால், மீதி 65,000 பேருக்கான அறைகளை நிரப்பும் முயற்சியைக் கைவிட வேண்டும். அந்தப் பணத்தை உக்கியாவின் சரிவுகளில் மண்சரியாத வீடுகள் கட்டச் செலவிட்டால் இன்னும் அதிகம் பேர் பயனடைவார்கள்.